போகிறேன் என்று சொன்னவர்கள்

பூமிக்கு அடியில் மாட்டிக்கொண்ட ஆட்களை மிருகங்கள் ஒவ்வொருவராகத் தின்கிற சினிமா ஒன்றை, எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, என் அத்தைக்காகப் பார்த்துக் கொடுத்தேன். பார்த்துக் கொடுத்தேன் என்று சொல்வதுதான் சரி. டிக்கெட் எடுத்தவர் அத்தை. ஆனால் விளக்கு அணைந்ததும் முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். திரையில் நடப்பதை அவர் காதில் சொல்வது என் வேலை.

"நீ கண்ண மூடிப்போடாத கண்ணு. நீயும் மூடிப்போட்டா எனக்கு ஆரு சொல்றது?" என்று முதலிலேயே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். சத்தியம் செய்துவிட்டால் அதற்காக உயிரை விடுகிற வயது. கண்ணில் நீர் வழிய வழிய இமைக்காமல் பார்த்தேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. போத்தனூரில் எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு நூல் மில்லுக்கு வேலைக்குப் போய்வந்தார். அவருடைய கணவரும், அதாவது என் மாமாவும், அப்பாவும் ஒன்றாகக் கிணற்று வேலை செய்தவர்கள். எங்கள் பக்கத்துக் கிணறுகள் ஆழமானவை. தண்ணீர் வற்றிப்போனால் ஆள் அடிவரை இறங்கி, பக்கவாட்டில் பாறைக்குள் நீளமாகத் துளை போட்டு ஊற்றைத் தேட வேண்டும். சைடு போர் என்பார்கள். அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிணற்றில், வேலை முடிந்து அப்பா கிரேன் தொட்டியின் முதல் நடையில் மேலே வந்துவிட்டார். மாமா அடுத்த நடையில் வரவேண்டும். அதற்குள் மண் சரிந்துவிட்டது.

அதன்பிறகு அப்பா மட்டும் இறங்கினார். அந்தக் கிணற்றைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசாவிட்டால் என்ன, எனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மண்ணுக்குள் மாட்டிக்கொண்டவர்களின் கதை என்று மில்லில் கேள்விப்பட்டு அத்தை அந்தச் சினிமாவுக்குக் கிளம்பியபோது அம்மாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஏனுங்க, ஊட்டுல இல்லாததயா காசு குடுத்துப் பாக்கப் போறீங்க?" என்று கேட்டார். அத்தை என் சடையை இறுக்கிப் பின்னிவிட்டார்.

படத்தின் பெயர் மறந்துவிட்டது. சுவரொட்டியில் ஒரு பாம்பு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. படத்தில் கடைசிவரை பாம்பு வரவே இல்லை. ஏழு வெள்ளைக்காரர்கள் பாதாளத்தில் ஓடுகிற ஏதோ ஓர் ஆற்றைத் தேடி, கைவிட்ட சுரங்கம் ஒன்றுக்குள் இறங்கினார்கள். வந்த வழி இடிந்து மூடிக்கொண்டது. உள்ளே கன்றுக்குட்டி உயரத்தில், மயிரில்லாத மிருகங்கள். இருட்டிலேயே பிறந்து வளர்ந்தவை என்பதால் அவற்றுக்குக் கண் கிடையாது. காலடி வைத்தால் தரை அதிர்வதை வைத்தே ஆளைப் பிடித்துவிடும். இந்த நிலைமையிலும் அந்த ஏழு பேரும் வானொலியில் செய்தி வாசிப்பவர்களைப் போலச் சுத்தமான தமிழ் பேசினார்கள். மூன்று பேருக்கு ஒரே குரல். அந்தக் குரல் மூன்று தடவை செத்தது.

அத்தை முந்தானைக்குள்ளிருந்து ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். "மேல ஏறீட்டாங்களா?"

"இல்லீங்க அத்தை. ஒருத்தன இழுத்துட்டுப் போயிருச்சு."

"மத்தவிங்க?"

"ஒளிஞ்சிருக்காங்க."

இடைவேளையில் முறுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, எத்தனை பேர் மிச்சம் என்று கேட்டார். அஞ்சு பேர் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

இரண்டாம் பாதியில்தான் நான் அதைக் கண்டுபிடித்தேன். விளக்கு வைத்திருந்தவன், "நீங்கள் அனைவரும் இங்கேயே இருங்கள், நான் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். பிறகு தாடிக்காரன் எழுந்தான். "சரி, நான் போகிறேன்." அவனும் காலி. முதல் பாதியில் செத்தவர்களை யோசித்துப் பார்த்தேன். அவர்களும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். அடுத்தவன் வாயைத் திறந்ததுமே அத்தையிடம் சொல்லிவிட்டேன்.

"அத்தை, இவன் செத்தான்."

"எப்படிச் சொல்ற?"

"போகிறேன்னு சொல்லிப்போட்டானுங்க."

சொல்லி முடிப்பதற்குள் மிருகம் அவனைக் கவ்விக்கொண்டு போனது. கடைசியில் ஒரே ஒருத்திதான் தப்பித்தாள். அவள் மட்டும், கால் முறிந்து கிடந்த சிநேகிதியிடம், "நான் திரும்பி வருவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள். அவள் கை வெயிலில் நீண்டபோது, "ஏறீட்டா அத்தை, ஒருத்தி ஏறீட்டா" என்று கத்தினேன். அத்தை முந்தானையை விலக்கிப் பார்த்தார். எல்லாரும் எழுந்துபோன பிறகும் நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம். துடைப்பத்தோடு வந்த அம்மாள் எழுப்பிவிட்டுத்தான் வெளியே வந்தோம்.

எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் முக்குக் கடைக்குப் போகிறவர்கூட 'போறேன்' என்று சொல்லமாட்டார், 'வாரனுங்க' என்பார். கிளம்புகிறவர் 'வாரேன்' என்றால், வீட்டில் இருப்பவர் 'போயிட்டு வாங்க' என்று சொல்லி அனுப்ப வேண்டும். வாய் தவறி 'நான் போறேன்' என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம் வாயிலேயே அடி வாங்காத பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது. பாவம், வெள்ளைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்திருந்தால் அத்தனை உயிர் அநியாயமாகப் போயிருக்காது.

இந்த ஞானத்தோடு அடுத்த நாள் விடியற்காலையில் எழுந்து, அப்பா வேலைக்குக் கிளம்புவதைக் கவனித்தேன். அப்பா எதுவுமே சொல்லவில்லை. தலைக்குத் துண்டைக் கட்டினார், சோற்றுத் தூக்கை எடுத்தார், அம்மாவைப் பார்த்து 'ம்' என்றார், நடந்துவிட்டார். 'போறேன்' என்று சொல்லவில்லை, அதனால்தான் இத்தனை நாள் உயிரோடு இருக்கிறார். ஆனால் 'வாரேன்' என்றும் சொல்லவில்லையே! 'ம்' என்பதை நம்பி ஒரு மனிதர் எத்தனை நாள் கிணற்றுக்குள் இறங்க முடியும்? அப்பாவின் வாயிலிருந்து அந்த வார்த்தையை வரவழைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று முடிவு செய்தேன்.

செவ்வாய்க்கிழமை அவருடைய செருப்பை அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்தேன். கரண்டியால் அடி கிடைத்ததே தவிர வார்த்தை கிடைக்கவில்லை. புதன்கிழமை வாசற்படியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். அப்பா என்னை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, ஒரு ஓரமாக வைத்துவிட்டுப் போனார். வியாழக்கிழமை, 'வாரேன் என்று சொல்லவும்' என்று நோட்டுத் தாளில் எழுதி, கீழே என் கையெழுத்தும் போட்டு, தூக்கின் மூடிக்குள் வைத்தேன். சாயங்காலம் அந்தத் தாள் சாம்பார்க் கறையோடு திரும்பி வந்தது. அப்பா அதை நாலாக மடித்துச் சுவர்க் கண்ணாடிக்குப் பின்னால் செருகினார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. வெள்ளிக்கிழமை நேராகவே கேட்டுவிட்டேன்.

"அப்பா, ஒருக்கா வாரேன்னு சொல்லீட்டுப் போங்க."

"நேரமாச்சு கண்ணு" என்றார் அப்பா.

"இவளுக்குப் பேய் கீது புடிச்சிருச்சா? அந்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனவிங்களச் சொல்லோணும்" என்றார் அம்மா. கூட்டிக்கொண்டு போனவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

சனிக்கிழமை அப்பாவுக்கு முன்னாலேயே எழுந்து, கிணற்று ஆட்களை ஏற்றிப்போக வந்த வேனில் ஏறி, கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டேன். முழுப்பரீட்சை லீவு. இறங்கச் சொன்னார்கள், மிரட்டினார்கள், மிட்டாய் என்றார்கள். நான் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. "கூட்டிட்டே போங்க. பொழுதுக்கும் வெயில்ல காஞ்சா தானா அடங்கும்" என்று அம்மா கைகழுவிவிட்டார்.

பொள்ளாச்சிக்குக் கிழக்கே, தாராபுரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தென்னந்தோப்பு. மழை பொய்த்து மட்டையெல்லாம் பழுத்துத் தொங்கியது. நான் ஓடிப்போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன். மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே பாறை, அதற்குக் கீழே இருட்டு. அந்த இருட்டில் ஏற்கெனவே போட்டிருந்த துளைகள் இன்னும் கறுப்பாகத் தெரிந்தன. முகவாயைச் சுவரில் வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். "ஏனுங்க! உள்ள ஆராச்சும் இருக்கீங்களா?"

மிருகமாகவே இருந்தாலும் முன்பின் தெரியாதவர்களை மரியாதையாகத்தானே கூப்பிட வேண்டும்? கீழேயிருந்து "இருக்கீங்களா" என்று பதில் வந்தது. கேள்விக்குக் கேள்வியே பதிலாக வந்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஆள் இறங்குவதற்குக் கிரேனில் ஓர் இரும்புத் தொட்டி தொங்கியது. அப்பா அதற்குள் ஏறி நின்றார். நான் ஓடிப்போய்த் தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லுங்க."

"கண்ணு, கைய எடு."

"சொன்னாத்தான் எடுப்பேன்."

தோட்டத்துக்காரர் குடையோடு வந்தார். "என்னப்பா இது, பொழுது ஏறுது. புள்ளைய அக்கட்டால தூக்கி உடுங்க" என்றார். ஒருவர் என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். என்னோடு சேர்ந்து தொட்டியும் ஆடியது. அப்பா, "வேண்டாங்க, உடுங்க" என்றார்.

கிரேன் ஓட்டுகிறவர் என்ஜினை நிறுத்திவிட்டு வந்தார். அப்பாவோடு ரொம்ப வருடமாக வேலை செய்கிறவர். தாராபுரத்துக் கிணற்றிலும் கிரேன் ஓட்டியது அவர்தான். "நானே சொல்றேன் சாமி. வாரேன், வாரேன், வாரேன். மூணு தடவ ஆச்சு. போதுமா?" என்று சிரித்தார்.

"நீங்க எறங்கலீங்களே" என்றேன்.

அவர் சிரிப்பு போய்விட்டது. என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, குரலைத் தணித்துச் சொன்னார். "அந்த வார்த்தைய மட்டும் உங்கப்பங்கிட்டக் கேக்காத கண்ணு. உங்க மாமன் கடைசியா அதத்தான் சொன்னாரு. 'மச்சான், நீங்க மொதல்ல ஏறுங்க, பொறகால நான் வாரேன்'னாரு. அதக் கேட்டுட்டுத்தான் உங்கப்பன் ஏறி வந்தாரு."

குரலைத் தணித்தாரே தவிர, அப்பாவுக்கு அது கேட்காமல் இருந்திருக்காது. நான் ஒரு நிமிடம் யோசித்தேன். மாமா 'வாரேன்' என்று சொல்லியும் வரவில்லை என்றால் என் கண்டுபிடிப்பே தப்பாகிவிடும். விடுவேனா?

"மாமா கீழ இருந்துதானுங்க சொன்னாரு" என்றேன். "கீழ போயிச் சொன்னா எப்படிங்க? மேல இருக்கறப்பவே சொல்லீருக்கோணும்."

தோட்டத்துக்காரர் குடையை மடக்கினார். இப்போது இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. அன்று எனக்குக் கூச்சமே இல்லை. கணக்கில் எங்கே பிழை என்று காட்டிவிட்ட திருப்தியோடு அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். மறுபடி கட்டினார். கிணற்றைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

"வாரேன் கண்ணு."

"கேக்கலீங்க."

"வாரேன்" என்றார் அப்பா, கொஞ்சம் உரக்க.

நான் கையை எடுத்தேன். "எறக்குங்க!" என்று கிரேன்காரருக்கு நானே உத்தரவு போட்டேன்.

அன்று அப்பா நான்கு தடவை மேலே வந்தார். வழக்கமாகக் காலையில் இறங்கினால் சோற்றுக்குக்கூட மேலே வராதவர், தூக்கைக் கயிற்றில் கட்டிக் கீழே அனுப்பச் சொல்கிறவர் என்று கிரேன்காரர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் தடவை, ஸ்பேனரை மறந்துவிட்டேன் என்று வந்தார். ஸ்பேனர் அவர் இடுப்பிலேயே இருந்தது. இரண்டாவது தடவை தண்ணீர் குடிக்க வந்தார், கிணற்றுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் இருந்தும். மூன்றாவது தடவை, நான் சாப்பிட்டேனா என்று கேட்க வந்தார். சாப்பிட்டேன் என்றதும் தொட்டியில் நின்றபடியே கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது தடவை வந்தபோது பொழுது சாய்ந்து வேலை முடிந்திருந்தது.

தோட்டத்துக்காரர் முணுமுணுத்தார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. வார்த்தைக்கு அவ்வளவு சக்தி! ஒரு தடவை வரச் சொன்னால் நாலு தடவை இழுத்துக்கொண்டு வருகிறது. இரண்டாம் தடவை உரக்கச் சொல்லவைத்தது கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அத்தையிடம் சொன்னேன். கிரேன்காரர் சொன்னது, நான் மடக்கியது, அப்பா இரண்டு தடவை சொன்னது, நாலு தடவை மேலே வந்தது, எல்லாவற்றையும் சினிமாக் கதை சொல்வதுபோல ஒன்று விடாமல் சொன்னேன். அத்தை கடைசிவரை கேட்டார். சிரிக்கவில்லை.

"நாலு தடவையா?" என்றார்.

"ஆமாங்க!"

அப்பா வாசல் குழாயில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார். "அது கெடக்குது. சோத்தப் போடுங்க" என்றார், யாரிடம் என்று இல்லாமல். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அத்தை எழுந்து குழாய்க்கருகே போய் நின்றார்.

"நாளைக்கும் சொல்லீட்டுப் போங்கண்ணா" என்றார்.

அப்பா குழாயை மூடினார். "செரி அம்மணி" என்றார். மாமா போனபிறகு அவர்கள் இரண்டு பேரும் கிணற்றைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான் என்று அம்மா பிற்பாடு சொல்லியிருக்கிறார். அப்போது எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன், அத்தையும் என் கட்சி, அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து அப்பா சொன்னார். அம்மாவிடம் இல்லை, அத்தையிடம் இல்லை, என்னிடம்தான். விடியற்காலையில் நான் படுத்திருக்கும் இடத்துக்கு வந்து, குத்தவைத்து உட்கார்ந்து, என் கால் கட்டைவிரலைப் பிடித்து ஆட்டுவார். "கண்ணு, வாரேன்." முதல் நாலைந்து நாள் நான் எழுந்து உட்கார்ந்து, சரியாகச் சொல்கிறாரா என்று கேட்டு, வாத்தியார் மாதிரித் தலையை ஆட்டி அனுப்பினேன். பிறகு அலுத்துவிட்டது. பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது. அந்த நேரத்துத் தூக்கம்தான் தூக்கம். அதைக் கெடுப்பதற்கென்றே ஒரு மனிதர் தினம் வருகிறாரே என்று எரிச்சலாக இருந்தது.

"கண்ணு, வாரேன்."

"ம், செரி. போங்க."

சொன்ன பிறகும் அப்பா எழுந்து போகமாட்டார். அங்கேயே உட்கார்ந்திருப்பார். என் விரலை விடமாட்டார். சொல்லச் சொன்னேன், சொல்லிவிட்டார், இன்னும் என்ன வேண்டும் இவருக்கு? நான் பதிலுக்குச் சொல்லவேண்டிய 'போயிட்டு வாங்க' ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் காத்திருக்கிறார் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. "அதான் சொல்லீட்டீங்கல்லங்க, போங்கப்பா" என்று காலை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.